சுவரில் மாட்டிய பெட்டிகள்

5 நவம்பர் 2006, ஞாயிறு. மனாமா

இன்று முதல் நான் நர்சிங் மேனேஜர். ஒன்பது வருஷம் வார்டில் ஓடிய காலுக்கு இனிமேல் நாற்காலி. டைரக்டர் மேடம் சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து, "சுகிர்தா, டிசம்பரில் ஆய்வுக்காரர்கள் வருகிறார்கள். தரச் சான்றிதழ் கிடைத்தால்தான் இந்த இல்லம் ஓடும். புரிகிறதா?" என்றார். வாழ்த்திய மாதிரியும் இருந்தது, மிரட்டிய மாதிரியும் இருந்தது.

முதல் வேலையாக ஆண்கள் வார்டுக்குப் போய் ஹானியிடம் சொன்னேன். அவனுக்கு என்ன புரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ம்ம்ம் என்று ராகம் போட்டான். சந்தோஷத்துக்கு அவனிடம் அந்த ஒரு ராகம்தான் உண்டு.

எங்கள் இல்லத்தில் இருக்கிற எல்லோருக்குமே அறிவு வளர்ச்சியில் குறைபாடு. ஹானிக்குப் பேச்சும் கிடையாது. கூடவே ஒரு பழக்கம், கைக்குக் கிடைத்ததை விழுங்கிவிடுவான். பொத்தான், நூல், சோபாப் பஞ்சு, ஒருமுறை என் கம்மலின் திருகாணி. அவனுக்காகவே வார்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். கிளவுஸ் பெட்டி அலமாரியில் பூட்டியே இருக்கும். டூட்டியில் இருப்பவர் தேவைக்கு மட்டும் எடுத்து யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றியதை மூடி போட்ட தொட்டியில்தான் போட வேண்டும். வார்டில் எல்லோருக்கும் நான் ராணிதான், அதனால் 'ராணி சிஸ்டர் ரூல்' என்று அதற்குப் பெயர். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ரப்பர் குடலில் கரையாது.

9 நவம்பர், வியாழன்

நேற்றுச் சாயங்காலமே என் வீட்டுக்காரர் ஞானையா பாலம் தாண்டி அல் கோபாரிலிருந்து வந்துவிட்டார். சவூதியில் இன்னும் வியாழன், வெள்ளிதான் லீவு. இங்கே செப்டம்பரிலிருந்து வெள்ளி, சனி என்று மாற்றிவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குப் பொதுவாக மிஞ்சியது ஒரு வெள்ளிக்கிழமை. அதிலும் பாதி சர்ச்சுக்கு.

நான் டூட்டி முடிந்து குதைபியா ரூமுக்கு வந்தபோது பனியனோடு நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "மேனேஜரம்மா வந்தாச்சா? இனி எல்லா வாரமும் மீனு நான்தான் வெட்டணும்போல." நாக்கு நீளம் என்றேன். சாப்பிடும்போது சும்மா கேட்டார்: "நீ ஆபீஸ்ல இருந்தா ஹானிய யாரு பாப்பா?"

"லிஜோ இருக்கான்லா."

லிஜோ முட்டத்துக்காரன், நல்ல நர்ஸ், என் இடத்துக்கு வந்திருப்பவன். கெட்டிக்காரன்தான். ஆனாலும் ஞானையா கேட்டது முள் மாதிரி நிற்கிறது. மீன் முள்ளாகவும் இருக்கலாம்.

19 நவம்பர், ஞாயிறு

ஆய்வுக்கு முந்தின பார்வை என்று லண்டனிலிருந்து ஒரு அம்மா வந்தார். நல்ல பெண்மணிதான், மரியாதையாகவே பேசினார். ஒவ்வொரு கதவிலும் நின்று, "கிளவுஸ் எங்கே?" என்றார். லிஜோ பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அவர் முகம் சுளித்தது. பையில் வைத்த கிளவுஸ் சுத்தமில்லையாம். ஒவ்வொரு அறையிலும் கைக்கு எட்டும் இடத்தில் பெட்டி இருக்க வேண்டுமாம்.

ஹானியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பூட்டு வைத்த உறை கிடைக்கிறது. அதற்குள் பெட்டியை வைத்து மாட்டுங்கள்" என்றார். அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஒன்பது வருஷ வழக்கத்தை 'சுத்தமில்லை' என்று எழுதிக்கொண்டு போனதில் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

28 நவம்பர், செவ்வாய்

உறை வரவில்லை. ஸ்டோர் பார்க்கும் கௌஸ் முகைதீன் பாயிடம் போய் நின்றேன். காயல்பட்டினத்துக்காரர், எதற்கும் பதறாத மனுஷன். "ஆர்டர் போட்டாச்சு சிஸ்டர். துபாய்லேர்ந்து வரணும். வந்துடும், இன்ஷா அல்லாஹ்."

"உங்க இன்ஷா அல்லாஹ்வுக்கு ஒரு தேதி போட்டுத் தாங்க பாய்."

சிரித்தார். தேதி தரவில்லை.

டைரக்டர் மேடத்துக்கு ஆய்வு நாள்தான் முக்கியம். "பெட்டியை இப்போது மாட்டு. உறை வந்ததும் போட்டுக்கொள்ளலாம்" என்றார். நான் சரி என்றேன். எவ்வளவு லேசாகச் சரி என்றேன்! மேனேஜராகி ஒரு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் மேடத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா என்று தோன்றிவிட்டது.

லிஜோ மட்டும் கேட்டான். "ஹானி ரூம் பக்கத்துலயுமா மேடம்?"

"உள்ளே வேண்டாம். கதவுக்கு வெளியே மாட்டு. எட்டாத உயரத்துல."

3 டிசம்பர், ஞாயிறு

பெட்டிகள் மாட்டியாயிற்று. வராந்தாவைப் பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. மேடம் போட்டோ எடுத்தார்.

10 டிசம்பர், ஞாயிறு

நல்ல சேதி ஒன்று. லிஜோ வந்து, "கிளவுஸ் ரொம்ப சீக்கிரம் தீருது மேடம். முன்னால போல இல்ல" என்றான். பாருங்கள், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள்! லண்டன் அம்மா சொன்னது சரிதான் போல. மாத அறிக்கையில் எழுதினேன்: 'கையுறைப் பயன்பாடு வெகுவாகக் கூடியுள்ளது.' மேடம் அதன் கீழே பச்சை மையில் கோடு போட்டார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

15 டிசம்பர், வெள்ளி

சர்ச் முடிந்து அப்படியே இல்லத்துக்குப் போனேன். உம்மு ஹானி வரச் சொல்லியிருந்தார். ஹானியின் அம்மா. எந்த வெள்ளிக்கிழமையும் தவறாமல் வருகிறவர். பத்து வருஷமாகப் போக நினைத்து, மகனை விட்டுப் போக மனசில்லாமல் தள்ளிப் போட்ட ஹஜ்ஜுக்கு இந்த வருஷம் போகிறார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் தெரிந்தவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கம். காவலாளியில் தொடங்கி, கூட்டுகிற பெண்கள், லிஜோ என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தார். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ராணி, உன்னிடம் பல தடவை கத்தியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு" என்றார்.

கத்தியிருக்கிறார்தான். ஹானியின் முடியை ஒட்ட வெட்டியதற்கு ஒருமுறை என்னைக் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே, "நீங்களும் என்னை மன்னிக்கணும்" என்றேன். பதிலுக்குச் சொல்ல வேண்டியது என்று சொன்னேன், அவ்வளவுதான். அவர் சிரிக்கவில்லை.

"மன்னித்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததையும் மன்னித்துவிட்டேன், தெரியாததையும் மன்னித்துவிட்டேன். அல்லாஹ் சாட்சி."

பிறகு ஹானியின் கையை எடுத்து என் கையில் வைத்தார். "இவன் உன்னிடம் அமானிதம்." திருப்பிக் கேட்கும்போது அப்படியே கொடுக்க வேண்டிய பொருளுக்கு அந்தப் பெயர்.

ஹானி அம்மாவின் பர்தா நுனியை விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தோம். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

17 டிசம்பர், ஞாயிறு

நேற்றுத் தேசிய தினம். ஊரெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. ஹானி மத்தியானம் சாப்பிடவில்லை என்றான் லிஜோ. அம்மாவைத் தேடுகிறான், பாவம்.

18 டிசம்பர், திங்கள்

இன்றும் சாப்பிடவில்லை. தலையைச் சுவரில் முட்டுகிறான். மனநல டாக்டர் வந்தார். "தாய் எப்போது போனார்?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, பிரிவுத் துயரம் என்றார். மருந்தைக் கூட்டினார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. 

20 டிசம்பர், புதன்

ஆய்வு முடிந்தது. மூன்று பேர் வந்தார்கள். கிளவுஸ் பெட்டிகளைப் பார்த்துத் திருப்தி. உறை எங்கே என்று கேட்டார்கள். ஆர்டர் கொடுத்த காகிதத்தைக் காட்டினேன், போதும் என்றார்கள். ஆண்கள் வார்டு அமைதியாக இருப்பதாகப் பாராட்டினார்கள். ஹானி தூங்கிக்கொண்டிருந்தான், கூட்டிக் கொடுத்த மருந்தில்.

மேடம் எனக்குக் கை கொடுத்தார். இங்கு வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

24 டிசம்பர், ஞாயிறு

உம்மு ஹானி மக்காவிலிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே ஜனச் சத்தம். "எப்படி இருக்கிறான்?"

"உங்களைத் தேடுகிறான். வேறொன்றுமில்லை."

அவர் அழுதார். தேற்றினேன். இந்த உத்தியோகத்தில் தேற்றுவது நன்றாகவே வருகிறது எனக்கு.

போனை வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன். ஹானி கட்டிலின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடந்தான், தலை கீழே தொங்க. கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறான் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. ஐடி கார்டுக் கயிற்றை நீட்டினேன். அதையும் பிடிக்கவில்லை. ராகம் கேட்டு எத்தனை நாள் ஆகிறது?

25 டிசம்பர், திங்கள்

கிறிஸ்துமஸ் டூட்டி. ஹானி வாந்தி எடுத்தான். யாரோ கேக் கொடுத்திருப்பார்கள் என்றேன். எல்லோரையும் திட்டினேன். யாரும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். நான் நம்பவில்லை.

26 டிசம்பர், செவ்வாய்

இன்றைக்கு எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதணும்.

காலையில் ஹானிக்கு நானே குளிக்க வார்க்கிறேன் என்று போனேன். மேனேஜர் குளிக்க வார்க்க வேண்டாம் மேடம் என்றார்கள். போங்க அங்கிட்டு என்றேன். சட்டையைக் கழற்றினால் வயிறு — அய்யோ, பலகை மாதிரி இருக்கு. தொட்டதும் துள்ளினான். எத்தனை நாளா வெளிக்குப் போகல்ல என்று கேட்டேன். டூட்டியில் இருந்தவனுக்கே தெரியல்ல. மருந்துனால மலச்சிக்கல் என்று விட்டிருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கதவுக்குப் பக்கத்தில் பெட்டி. நேற்றுத்தான் புதுசு மாட்டியது, பாதிக்கு மேல் காலி. எட்டிப் பார்க்க நான் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து ஹானி வந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டே, என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, ஒன்றை உருவினான். எவ்வளவு சுலபமாக!

எட்டாத உயரம் என்று நான் சொன்னேனே, அது எனக்கு எட்டாத உயரம். அவன் ஆறடி. ஒன்பது வருஷம் அண்ணாந்து பார்த்து அவனுக்குச் சோறு ஊட்டியவள் நான்.

கிளவுஸ் சீக்கிரம் தீருது மேடம் — லிஜோ சொன்னானே. நான் அதை அறிக்கையில் எழுதினேனே. பெருமையாக எழுதினேனே. ஆண்டவரே.

27 டிசம்பர், புதன்

ஆபரேஷன். சர்ஜன் ஒரு ஸ்டீல் கிண்ணத்தை எடுத்து வந்து காட்டினார். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கெட்டியாகி, ஒரே உருண்டை. குடல் ஓரிடத்தில் கிழிந்து விஷம் பரவியிருக்கிறதாம். "கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்" என்று சொல்லிவிட்டு மீதியைச் சொல்லவில்லை.

ஹானியின் அண்ணன் அப்துல்லதீஃப் கிண்ணத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "அவன் பழக்கம்தானே, சிஸ்டர். சின்ன வயசிலிருந்து." எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. கேட்பார், கேட்பார் என்று நின்றேன். "உம்மாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம். ஹஜ் முடியட்டும்" என்று மட்டும் சொன்னார்.

29 டிசம்பர், வெள்ளி

ஐ.சி.யூ.வில் அவன் பக்கத்தில் இருந்தேன். வாயில் குழாய். ஐடி கார்டுக் கயிற்றை அவன் விரலில் சுற்றி வைத்தேன்.

மத்தியானம் என் போன் அடித்தது. உம்மு ஹானி. இன்று அரஃபா நாள், ஹஜ்ஜின் பெரிய நாள். வெட்டவெளியில் நின்று கேட்கிற துஆ எல்லாம் பலிக்குமாம். "ஹானியின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ராணி. இன்றைக்குச் சாப்பிட்டானா?"

அண்ணன் எதிரில் நின்று, வேண்டாம் என்று கையசைத்தார்.

"சாப்பிட்டான்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியைக் கேட்டபிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

30 டிசம்பர், சனி

பெருநாள் காலை. பள்ளிவாசல்களில் தக்பீர் முழக்கம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஹானி இறந்துபோனான். சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். பெண்கள் போகக் கூடாது என்றார்கள். லிஜோ போய்வந்தான். செருப்பில் ஒட்டிய மண்ணோடு வந்து என் முன்னால் நின்றான். 

3 ஜனவரி 2007, புதன்

மேடம் கூப்பிட்டார். "குடல் அடைப்பு. பழைய பழக்கம். குடும்பத்துக்குப் புகார் இல்லை. அந்தப் பேச்சு கலாஸ், முடிந்தது" என்றார். பெட்டியை மாட்டச் சொன்னது நாம் என்றேன். "நாம் என்றால் யார்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெளியே வந்தால் கௌஸ் முகைதீன் பாய் தள்ளுவண்டியோடு நிற்கிறார். "சிஸ்டர், உறை வந்துட்டுது. பூட்டும் சாவியும் சேர்த்தே அனுப்பியிருக்கான்." சாவியை நீட்டிய கையை அவரே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன.

5 ஜனவரி, வெள்ளி

உம்மு ஹானி நேற்று ஊர் திரும்பிவிட்டார். ஏர்போர்ட்டிலேயே சொல்லிவிட்டார்களாம்.

ஞானையாவிடம் எல்லாம் சொன்னேன்.  "அவியளுக்கே தெரியாது. நீயா போய்ச் சொல்லப் போறியா? கேஸு கீஸுன்னு வந்தா, பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சிருவானுவ, கேட்டியா? நம்மளுக்கு இங்க ஆரு இருக்கா?" என்றார். அவர் பயம் நியாயம்தான். எனக்கும் அதே பயம்தான். 

ஆனால் அந்த அம்மா என்ன நினைத்துக்கொண்டிருப்பார்? தான் விட்டுவிட்டுப் போனதால் பிள்ளை ஏங்கிச் சோறில்லாமல் கிடந்தான் என்று. நான்தானே போனில் அப்படிச் சொன்னேன். ஏங்கினான் என்று நான்தானே சொன்னேன்.

8 ஜனவரி, திங்கள்

முஹர்ரக்கில் அவர்கள் வீடு. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். எனக்கும் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். ஹஜ்ஜிலிருந்து வந்தவர் வீட்டில் எல்லோருக்கும் கொடுப்பதுதான். அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். பெட்டியை அங்கே மாட்டச் சொன்னது நான். தீர்ந்து தீர்ந்து போனது தெரிந்தும் சந்தோஷப்பட்டது நான். உங்களுக்காக ஏங்கவில்லை அம்மா, வலி. அவனுக்கு வலி. அதை ஏக்கம் என்று சொன்னது நாங்கள்.

அசையாமல் கேட்டார். பிறகு, "நான் கடைசியாக வந்த அன்றைக்கு அந்தப் பெட்டி அங்கே இருந்ததா?" என்றார்.

"இருந்தது."

"நான் அதைப் பார்த்தேன். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து: "அரஃபாவிலிருந்து கேட்டேனே. சாப்பிட்டான் என்றாயே."

"பொய்."

கண்ணை மூடிக்கொண்டார். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை, கத்தவுமில்லை. முடி வெட்டியதற்குக் கத்தியவர்.

"தெரிந்ததையும் தெரியாததையும் மன்னித்தேன் என்று அல்லாஹ்வைச் சாட்சி வைத்துச் சொன்னேன். சொன்னதைத் திருப்பி எடுக்க மாட்டேன். யாரிடமும் புகாரும் கொடுக்க மாட்டேன். ஆனால் ராணி, இனி உன் முகம் என் கண்ணில் பட வேண்டாம்."

தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றேன். குடித்துவிட்டு வந்தேன்.

14 ஜனவரி, ஞாயிறு

மேனேஜர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வார்டு நர்ஸாக இருந்துகொள்கிறேன் என்றேன். மேடத்துக்கு நிம்மதி. சம்பளமும் குறையும் என்று நினைவுபடுத்தினார்.

12 பிப்ரவரி, திங்கள்

சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். வேறு வாசல் இல்லாததால் தினமும் அதன் கீழேதான் போகிறேன்.

13 ஏப்ரல், வெள்ளி

லிஜோதான் இப்போது மேனேஜர். என்னை இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறான், சொன்னாலும் கேட்பதில்லை. கோபாருக்கே வந்துவிடு என்று ஞானையா ஒவ்வொரு வாரமும் சொல்கிறார். பார்க்கலாம் என்கிறேன். ஹானியின் அறைக்கு வந்திருக்கும் தாரிக்கும் கையில் கிடைத்ததை விழுங்குகிறவன். அவனைப் பார்க்க வரச் சொந்தபந்தம் யாருமில்லை.

இல்லை, ஒருவர் வருகிறார். மார்ச்சிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும், அதே நேரத்துக்கு, உம்மு ஹானி. தாரிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, வாழைப்பழத்தை மசித்து ஊட்டிவிட்டுப் போகிறார். கார் வந்ததும் காவலாளி போன் அடிப்பான். நான் போய் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்துகொள்வேன். அவர் போனபிறகு லிஜோ வந்து கதவைத் தட்டுவான்.

இன்றும் அப்படித்தான். கிளவுஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் காலடி வராந்தாவில் வந்தது. வழக்கமாக நேரே வாசலுக்குப் போகும். இன்று ஸ்டோர் ரூம் கதவுக்கு முன்னால் நின்றது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியும், நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று. முதல் வாரத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

தட்டவில்லை. பேசவுமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

லிஜோ தட்டியதும் வெளியே வந்தேன். தாரிக்கின் வாயோரம் வாழைப்பழம் காய்ந்திருந்தது. பையிலிருந்து கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டு துடைத்துவிட்டேன்.